வெளியூர் சென்ற பதினான்கு குடும்பங்கள்

சேசு மரி சூசை துணை

தஞ்சாவூர்,
19.10.1997

அன்புத் தம்பி ரெஜினுக்கு அக்கா எல்சி எழுதுவது. இடது முழங்காலைத் தவிர நான் நலம். முழங்காலைத் தனியாக விசாரித்தால் அது தனியாகப் பதில் சொல்லும். நீயும் மரியாளும் ஜெனித்தும் சுகம்தானே?

சம்பா நடவு முடியப்போகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதால் ஊரில் எல்லோரும் கொஞ்சம் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

அத்தைக்கு என்ன வேலை என்று ஜெனித் கேட்டதற்கு, வாத்தியார்களுக்கு வாத்தியார் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நான் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தலைமையாசிரியர் ஆவதற்கு நம் நாட்டில் தேவையான தகுதி, இருபது வருடம் சாகாமல் ஆசிரியராக இருப்பது. பிறகு ஒரு நாள் நாற்காலியும் சாவிக்கொத்தும் வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். முதல் வகுப்புக்கு ஒவ்வொருவரும் தம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும். பாதியில் நின்றுபோன மூன்று பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுதி வந்தால்தான் இரண்டாம் வகுப்பு. போன மாதம் ஒருவர் எழுந்து, “நான் ஹெட்மாஸ்டருங்களா, தபால்காரனுங்களா?” என்றார். “தபால்காரர் எல்லாத் தெருவுக்கும் போறாருங்க” என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

அப்படி வீடு வீடாகப் போனவர்களில் குந்தவை என்ற பெண் கெட்டிக்காரி. பாபநாசத்துக்குத் தெற்கே சாலியக்குடி உயர்நிலைப் பள்ளிக்கு ஜூனில் தலைமையாசிரியராக வந்திருக்கிறாள். அப்பா பெயரில் நீ வைத்த நூறு சதவீதத் தேர்ச்சிக் கேடயத்தை மூன்று வருடமாக வாங்கும் அதே பள்ளிதான். நின்றுபோன பிள்ளைகளைப் பற்றி அவள் எழுதிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கேடயத்தைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். அவசரமில்லை.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.
அக்கா எல்சி

*

ஷார்ஜா,
6.11.1997

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு ரெஜின் வணக்கம். நாங்கள் நலம். உங்கள் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லவும். தைலம் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன்.

இங்கே வெயில் குறைந்துவிட்டது. ஏ.சி. வேலையும் குறைந்துவிட்டது. என் கீழ் முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அதில் டிப்ளமா படித்தவர்கள் ஒன்பது பேர். மெஷின் நின்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். படிப்பை விட்டுவிட்டு பம்பாய்க்குப் போனது என் சொந்த விருப்பம். அதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை.

சாலியக்குடி பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் குணசேகரன் நல்ல கடிதம் எழுதியிருந்தார். இந்த வருடமும் நூறு வந்தால் விழாவைப் பந்தல் போட்டு நடத்துவதாகவும், கேடயத்தை நானே நேரில் வந்து கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஜூனில் லீவு சொல்லிவிட்டேன். புது டீச்சர் கொஞ்சம் கறார் என்றும், அக்கா சொன்னால் கேட்பார் என்றும் எழுதியிருக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்பா தலைமையாசிரியராகப் பதினோரு வருடம் தொடர்ந்து நூறு வாங்கியவர். அவர் பெயரில் தொண்ணூற்றெட்டுக்குக் கேடயம் கொடுக்க முடியாது.

என்றும் தங்கள் பிரியமுள்ள
ரெஜின்

*

தஞ்சாவூர்,
24.11.1997

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். தைலம் வேண்டாம். வேறொன்று வேண்டும், கடைசி வரை படி.

இம்மாதம் பத்தாம் தேதி முதல் ஐந்து நாள் என் பயிற்சிக்காகக் குந்தவை தஞ்சாவூரில் தங்கியிருந்தாள். பன்னிரண்டாம் தேதி சாலியக்குடியில் பத்தாம் வகுப்பிலிருந்து பதினான்கு பிள்ளைகளுக்கு டி.சி. கொடுக்கப்பட்டது. பொறுப்பிலிருந்த உதவித் தலைமையாசிரியர் பஞ்சநதம் கொடுத்தார். நாற்பத்து மூன்று பேரில் மீதி இருபத்தொன்பது. இருபத்தொன்பதும் தேறும் பிள்ளைகள். நூறு எப்படி வருகிறது என்று இப்போது உனக்குத் தெரியும்.

பதினான்கு பேரின் பெற்றோரும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். காரணம்: “குடும்பம் வெளியூர் செல்ல இருப்பதால்”. பதினான்கிலும் அதே வாக்கியம், அதே ஆள் எழுதிய எழுத்து, அதே பச்சை மை. ஒரே நாளில் பதினான்கு குடும்பங்கள் ஊரைக் காலிசெய்தது சோழர் காலத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் நடக்காத சம்பவம். அவர்களில் பெண்கள் மறுநாள் காலை குணசேகரன் வயலிலேயே களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று பேர் காலனிப் பிள்ளைகள். ஒருவன் தச்சர் மகன். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அவனைச் சேர்த்திருக்கலாம்.

குந்தவையோடு நானும் மாவட்டக் கல்வி அதிகாரியிடம் போனேன். “பெத்தவங்க விருப்பம்மா. நாம யாரு தடுக்க?” என்றார். பதினான்கு பேருக்கும் ஒரே பேனாவில் விருப்பம் வந்திருப்பதைக் காட்டினேன். விருப்பம் உண்மையில்லை என்று ஒரு கடிதத்திலாவது நிரூபித்துக் காட்டினால் எல்லாவற்றையும் ரத்து செய்வதாகச் சொன்னார். முடியாது என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். பெற்றோரிடம் முன்பே வெற்றுத்தாளில் ரேகை வாங்கியிருக்கிறார்கள்; அவர்கள் குணசேகரனுக்கு எதிராகப் பேச மாட்டார்கள். அவர்களுக்கு வேலை அவர் வயலில்தான்.

ஆனால் ஒரு கடிதத்தில் மருதையன் என்று கையெழுத்து இருக்கிறது. மகள் தவமணிக்கு டி.சி. கேட்டிருக்கிறார். இந்த மருதையன் இருபது மாதமாக ஷார்ஜாவில் இருக்கிறார், ஊருக்கு வரவில்லை. அவர் மனைவி ராமாயியிடம் தொழிலாளர் கேம்ப் விலாசம் வாங்கித் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கடிதத்தின் நகலும் இத்துடன் இருக்கிறது. நீ போய் அவரைப் பார்த்து, இது என் கையெழுத்து இல்லை என்று எழுதி வாங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தின் நகலோடு அனுப்பு. போனில் சொன்னால் ஃபைலில் வைக்க முடியாது. தேர்வு எழுதுவோர் பட்டியல் ஜனவரி இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. அதில் பெயர் இல்லாத பிள்ளை இந்தப் பள்ளியிலிருந்து பரீட்சை எழுத முடியாது.

கேடயம் கொடுப்பவனிடம் இதைக் கேட்கிறேன் என்பது தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா எல்சி

*

ஷார்ஜா,
8.12.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். ஜெனித்துக்குச் சளி. கிறிஸ்துமசுக்குக் கேக் செய்ய மரியாள் ஆயத்தம் செய்கிறாள்.

குணசேகரன் போன் செய்தார். இது ஊர்க் காரியம் என்கிறார். நான் தூரத்தில் இருப்பவன், எது சரி என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். படிப்பு வராத பிள்ளையை உட்காரவைத்து, ஊர் பார்க்க ஃபெயில் ஆக்குவது மட்டும் நியாயமா? நோட்டீஸ் போர்டில் தன் நம்பரைத் தேடிவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளையை யோசித்தீர்களா? முன்னாலேயே விலக்கிவிட்டால் அந்த அவமானமாவது இல்லை. வேறு தொழில் பார்த்துப் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்பாவும் இப்படிச் செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். இறந்தவரை விசாரிக்க வேண்டாம்.

மழையில் நனைய வேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஜின்

*

தஞ்சாவூர்,
18.12.1997

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் நலம். ஜெனித்தின் சளிக்குத் தூதுவளை அனுப்பினால் உங்கள் விமான நிலையத்தில் கஞ்சா என்று பிடிப்பார்களாம். ஆகவே ஜெபம் மட்டும் அனுப்புகிறேன்.

நான்கு பக்கம் எழுதிக் கேட்டதற்கு நீ கேக்கைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய். மருதையன் என்ற பெயர் உன் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை.

ஃபெயில் ஆவது அவமானம் என்கிறாய். ஃபெயில் ஆனவன் அக்டோபரில் மறுபடி எழுதலாம். விலக்கப்பட்டவனுக்கு எழுதுவதற்கு என்ன இருக்கிறது? தவமணிக்குக் கணக்கு வராது. அவளுக்குக் கணக்கு எடுக்க வேண்டிய ஆசிரியருக்கும் பள்ளி திறந்த ஏழாம் மாதம் வரை பள்ளிக்கு வர வழி தெரியவில்லை. அவருக்கு யாரும் டி.சி. கொடுக்கவில்லை.

குந்தவை பதினான்கு பேரையும் வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள். பதிவேட்டில் இடமில்லாததால் தனித்தாளில் வருகை எடுக்கிறாள். போன வாரம் அதிகாரி வந்து, “ஊரை விட்டுப் போனவங்க இங்க எப்படிம்மா உக்காந்திருக்காங்க?” என்று கேட்டார். “பள்ளிக்கூடத்தப் பாத்துட்டுப் போவலாம்னு வந்திருக்காங்க சார். காலையில வருவாங்க, சாயங்காலம் வெளியூர் போயிருவாங்க” என்றாளாம். அவளுக்கு இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. என் பாடத்திட்டத்தில் சேர்க்க உத்தேசம்.

இந்த வழக்கத்துக்கு எத்தனை வயது என்று பயிற்சி வகுப்பில் சொல்வதற்காகப் பழைய பள்ளிகளின் கட்டுகளைப் பார்த்து வருகிறேன். நேற்று அப்பா இருந்த நம் பள்ளிக்கும் போனேன். 1975-ஆம் வருடக் கட்டை எழுத்தர் தேடி எடுத்துக் கொடுத்தார். மற்றதை நீ வரும்போது பேசிக்கொள்ளலாம்.

பாலன் பிறப்பு உங்கள் வீட்டுக்குச் சமாதானம் தரட்டும். ஜனவரி இருபது.

அக்கா எல்சி

*

ஷார்ஜா,
27.12.1997

அக்காவுக்கு,

அந்தக் கட்டில் என்ன பார்த்தீர்கள்?

ரெஜின்

*

தஞ்சாவூர்,
5.1.1998

அன்புத் தம்பிக்குப் புத்தாண்டு வாழ்த்து. எல்லோரும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

கேட்டாய். பார்த்து எழுதிவந்ததை அப்படியே தருகிறேன்.

“9.6.1975. ஐயா, எங்கள் குடும்பம் வெளியூர் செல்ல இருப்பதால், தங்கள் பள்ளியில் பயிலும் என் மகன் பெ. ரெஜினுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இப்படிக்கு, பெ. செபஸ்தியம்மாள், தலைமையாசிரியர் குடியிருப்பு.”

கீழே, “அனுமதிக்கப்பட்டது. பெரியநாயகசாமி, தலைமையாசிரியர்.” அதே தேதி. விண்ணப்பமும் உத்தரவும் ஒரே கையெழுத்து. அம்மாவின் பெயர் மட்டும் அம்மாவின் கையெழுத்து.

நம் குடும்பம் வெளியூர் போய்விட்டதை அப்பா ஏற்றுக்கொண்டு, அந்த உத்தரவை மேசையில் வைத்துவிட்டு, மைதானத்தைக் கடந்து சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறார். அடுத்த வருடம், அப்போது பொதுத்தேர்வு இருந்த பதினொன்றாம் வகுப்பில் பள்ளி நூறு எடுத்தது. அதுதான் முதல் நூறு.

அந்த 1975 கிறிஸ்துமசுக்குத் திருச்சி விடுதியிலிருந்து நான் வந்து இறங்கியதும் அதே குடியிருப்பில்தான். நீ பம்பாயில் இருந்தாய். உனக்கு மெக்கானிக் வேலையில் ரொம்ப ஆசை என்று அப்பா சொன்னார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்து நான்கு வயது எனக்கு. ஆசிரியப் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியவள். கேட்கவில்லை.

அக்கா

*

ஷார்ஜா,
14.1.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த உறையைக் கொண்டுவருபவர் முகம்மது யூசுப், என்னோடு வேலை செய்பவர், அய்யம்பேட்டைக்காரர். நாளைக் காலை திருச்சியில் இறங்கி நேரே உங்களிடம் வருவார். டீ கொடுங்கள், சர்க்கரை ஆகாது.

உள்ளே மருதையன் எழுதிக் கொடுத்தது, பாஸ்போர்ட் நகல் இரண்டு. போன வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குப் போனேன். உங்கள் கடிதம் வந்தது நேற்றுதான். அதைப் படித்துவிட்டு நான் போனதாக நினைக்க வேண்டாம். அந்த விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்பது நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும். அன்று அப்பா எழுதும்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மருதையன் ஒரு அறையில் பத்துப் பேரோடு இருக்கிறார். நகலைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “நான் இங்க சிமிட்டி சொமக்கிறேன், என் கையெழுத்து மட்டும் ஊர்ல நடமாடுதா சார்?” என்றார். பிறகு, “என்னோடதவிட நல்லாப் போட்டிருக்கான்” என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தவமணி பரீட்சை எழுதினால் தேறுவாளா என்று கேட்டார். தெரியாது என்றேன். “தேறாட்டியும் எழுதட்டும் சார். எழுதாமப் போனவன்தான் இங்க இருக்கேன்” என்றார்.

நானும் அங்கேதான் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தனி வீடு, கார் இருப்பதால் அவருக்குத் தெரியாது.

சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். கேடயம் கொடுப்பவனே சாட்சி என்றால் உங்கள் அதிகாரி முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அப்பா பெயரில் ஏன் கேடயம் வைத்தேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

ரெஜின்

*

தஞ்சாவூர்,
2.2.1998

அன்புத் தம்பிக்கு,

நலம். யூசுப் சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அறுவடை தொடங்கிவிட்டது, பேருந்தில் இடம் கிடைக்கவில்லை.

அதிகாரியின் முகத்தைப் பற்றிக் கேட்டாய். பொங்கல் விடுமுறை முடிந்து பத்தொன்பதாம் தேதிதான் பிடிக்க முடிந்தது. பாஸ்போர்ட் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது போலியா இருந்தா?” என்றார். “டெல்லிக்கு எழுதிக் கேளுங்க சார், பதில் வர்ற வரைக்கும் நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்” என்றாள் குந்தவை. பிறகு சாட்சியின் பெயரைப் படித்தார். “கேடயம் தர்றவருங்களா?” என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததில் அவருக்கு ஒன்றும் தெளிவாகவில்லை.

மறுநாள் நாலே முக்காலுக்குப் பதினான்கு பெயரும் பட்டியலில் ஏறின. கோப்பில் காரணம் எழுத வேண்டுமல்லவா? “வெளியூர் சென்ற குடும்பங்கள் ஊர் திரும்பியதால்” என்று எழுதினார். கையெழுத்துப் போட்டவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. பஞ்சநதத்தின் பெயர் நல்லாசிரியர் விருதுக்குப் போயிருப்பதாகக் கேள்வி. பள்ளியை விட்டுப் பயிற்சிக்குப் போனதற்கு விளக்கம் கேட்டுக் குந்தவைக்கு மெமோ. பயிற்சிக்கு அவளை வரச்சொன்ன உத்தரவில் அதே அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1975-ஆம் வருடத்து விண்ணப்பத்தை என் வகுப்பில் படித்துக்காட்ட விரும்புகிறேன். கெட்ட தலைமையாசிரியர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று வகுப்பில் எல்லோரும் நம்புகிறார்கள். அப்பா நல்ல தலைமையாசிரியர். மழையில் பள்ளி ஒழுகினால் தன் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தவர். அவர்களுக்கு அது தெரிய வேண்டும். பெயர்களை மறைத்துவிடுகிறேன். நீ வேண்டாம் என்றால் படிக்க மாட்டேன்.

அக்கா எல்சி

*

ஷார்ஜா,
1.3.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

படியுங்கள். பெயர்களை மறைக்க வேண்டாம். அப்பா பெயர், என் பெயர், அம்மா பெயர் மூன்றையும் சத்தமாகப் படியுங்கள். குடியிருப்பு விலாசத்தையும் விடாமல் படியுங்கள்.

இந்த வருடம் கேடயம் யாருக்கும் இல்லை. குணசேகரனுக்கு எழுதிவிட்டேன். உடனே போன் செய்து, “தம்பி, அப்பா பேரு கெட்டுப்போயிடுங்க” என்றார். அப்பா பேரை அப்பாவே பார்த்துக்கொள்வார் என்றேன். பந்தலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூனில் வருகிறேன். விழாவுக்கு இல்லை. எனக்கும் தேர்வு எழுதும் வயது தாண்டிவிட்டதா என்று குந்தவை டீச்சரிடம் கேட்டு வையுங்கள். தாண்டிவிட்டது என்று சொன்னால் எந்த விதியில் என்று கேளுங்கள்.

ரெஜின்

*

தஞ்சாவூர்,
14.6.1998

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ இருபத்தெட்டாம் தேதி வருவது அறிந்து சந்தோஷம். வயதுக்கு மேல்வரம்பு எந்த விதியிலும் இல்லையாம். தனித்தேர்வர் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். கணக்குக்கு டியூஷன் தேவைப்படும்.

முடிவு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று பேர் எழுதி முப்பத்து மூன்று பேர் தேறினார்கள். பதினான்கில் ஐந்து பேர் பாஸ். தேறுவார்கள் என்று வடிகட்டி வைத்திருந்த இருபத்தொன்பதில் ஒருவன் ஃபெயில், குணசேகரனின் தம்பி மகன். தவமணி கணக்கில் பதினெட்டு. நோட்டீஸ் போர்டைப் பார்த்து அழுதாள், பிறகு அக்டோபருக்கு எப்போது பணம் கட்டுவது என்று கேட்டாள். அவமானத்தால் அவள் இறந்துபோகவில்லை என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். மருதையனுக்கு நீ போய்ச் சொல்.

தேர்ச்சி ஏன் நூறிலிருந்து எழுபத்தேழுக்கு இறங்கியது என்று விளக்கம் கேட்டுக் குந்தவைக்கு மறுபடி மெமோ. மூன்று நாளுக்குள் பதில் வேண்டும் என்றார்கள். மூன்று நிமிடத்தில் எழுதினாள். “இந்த ஆண்டு தேர்வுக்கு முன் எந்தக் குடும்பமும் வெளியூர் செல்லவில்லை” என்று ஒரே வரி. கீழே கையெழுத்து, நீல மையில்.

எனக்கும் உத்தரவு வந்திருக்கிறது. கடந்த வகுப்பில் அந்த விண்ணப்பத்தைப் படித்தேன். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, தன் பள்ளியில் இந்த வருடம் ஆறு பேருக்குத் தான் டி.சி. கொடுத்ததாகவும், போய்க் கூட்டி வருவதாகவும் சொன்னார். இன்னும் நால்வர் எழுந்தார்கள். மறைந்த ஆசிரியர் ஒருவரின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக என்மேல் புகார். களங்கம் விளைவித்தது அவர் மகள் என்பதைப் புகார் எழுதியவர் கவனிக்கவில்லை. சீர்காழிக்கு மாற்றியிருக்கிறார்கள். தினம் போய்வர முடியாது, வீடு பார்க்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு வருடம் இருப்பதால் அங்கே அடங்கிக் கிடப்பேன் என்பது ஏற்பாடு.

ஜூலை ஒன்றாம் தேதி சேர்கிறேன். நீ என்னோடு வந்து பெட்டி தூக்கு. இங்கே எனக்குக் கிடைத்தவர்கள் வருடத்துக்கு முப்பது தலைமையாசிரியர்கள். சீர்காழிப் பக்கம் அறுபத்து நான்கு பள்ளிகள் இருக்கின்றன. இதுவரை யாரும் அவர்களைச் சேர்க்கைப் பதிவேட்டோடு வரச்சொன்னதே இல்லையாம்.

அக்கா எல்சி